இணையத்துக்குப் புதிதாக வரும் பெரியவர்களுக்கு எந்தச் சொல்லை முதலில் விளக்குவது? (எல்லைப்புறத் தமிழர்களுக்கான இழை)

வேலந்தாவளம் வாசகசாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஐம்பது வயதைக் கடந்த பலரிடமும் இப்போது ஸ்மார்ட்போன் இருக்கிறது. பால் சங்கத்துப் பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அரசுச் சேவைகளுக்கான அட்சயா மையத்துக்குப் போனால், ஃபோனுக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்கிறார்கள். வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. மாநிலம் முழுவதும் டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றுவிட்டதாகக் கேரள அரசு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அதற்குப் பின்னால் உள்ள உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் மலையாளம் சரளமாகப் பேசி, எழுத்தைத் தமிழில் மட்டுமே படிக்கும் நம் பெரியவர்களுக்குத் தமிழிலேயே நிதானமாகச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்று தேவைப்படுகிறது. அதை எங்கள் வாசகசாலையில் நடத்த இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது என்று உங்களிடம் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சொற்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதிக் கொடுப்பதால் பயன் இருக்காது என்பது என் எண்ணம். "இது இப்போது எங்கே இருக்கிறது?" என்ற ஒரே கேள்வியை அவர்களுக்குப் பழக்க விரும்புகிறேன். நம் ஃபோனிலேயே இருக்கிறதா, வேறொருவருடைய கணினியில் இருக்கிறதா, அல்லது இரண்டிலும் இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்தவருக்குப் பாதிச் சொற்கள் தாமாகவே விளங்கிவிடும்.

இதற்கு நம் பெரியவர்கள் ஏற்கெனவே நாள்தோறும் பார்க்கும் ஒன்று கைகொடுக்கும். வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியதும் அதன் ஓரத்தில் சிறிய கடிகாரம் தெரிந்தால், அது இன்னும் நம் ஃபோனை விட்டுப் புறப்படவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு டிக் விழுந்தால், செய்தி அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போய்விட்டது. இரவும் பகலும் இயங்கிக்கொண்டே இருந்து, கேட்பவர்களுக்கெல்லாம் பதில் கொடுக்கும் அப்படிப்பட்ட கணினியைத்தான் சர்வர் என்கிறோம். இரண்டு டிக் விழுந்தால் செய்தி எதிரில் இருப்பவரின் ஃபோனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது; நீலமாக மாறினால் அவர் திறந்து பார்த்துவிட்டார். நீலக்குறி தெரியாதபடி சிலர் அமைத்து வைத்திருப்பார்கள் என்பதால், நீலம் வராததை வைத்து மகள் பார்க்கவில்லை என்று வருந்த வேண்டியதில்லை. பெறுபவரின் ஃபோன் அணைந்து கிடந்தால் செய்தி சர்வரிலேயே 30 நாள் வரை காத்திருக்கும். அதற்குள் சேர்க்க முடியாவிட்டால் நீக்கப்படும். சேர்த்துவிட்ட செய்தியைச் சர்வர் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே பழைய உரையாடல்கள் எல்லாம் நம் ஃபோனில்தான் இருக்கின்றன. ஃபோன் தொலைந்தால் அவையும் போகும் என்பதும், பேக்கப், அதாவது வேறிடத்தில் நகல், எடுத்து வைப்பது ஏன் என்பதும் இதிலிருந்தே புரிந்துவிடும்.

இந்த முறை சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நகரி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் எழுதியது:

வாசகசாலை நண்பருக்கு வணக்கம். உங்கள் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் வரிசையில் எனக்கு உடன்பாடு இல்லை. சர்வர் என்றால் என்னவென்று தெரியாதவருக்கு ஒரு நட்டமும் வராது. ஓடிபி என்றால் என்னவென்று தெரியாதவர் ஒரே மாலையில் சேமிப்பை இழக்கிறார். ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் நகரிப் பகுதியில் விசைத்தறி ஓட்டிச் சேர்த்த பணத்தை அப்படி இழந்த குடும்பங்களை நான் அறிவேன். எனவே பணத்தோடு தொடர்புள்ள சொற்களே முதல் நாளில் வர வேண்டும்.

ஓடிபி என்பது ஒரே ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் எண். வங்கியின் கணினி அதை உருவாக்கி, கணக்கோடு பதிந்து வைத்த ஃபோன் எண்ணுக்கு அனுப்புகிறது. அந்த எண்ணைச் சொல்பவர், "இந்த வேலையைச் செய்ய நான் சம்மதிக்கிறேன்" என்று கையெழுத்திடுகிறார். எந்த வேலை என்பது எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியத்தில்தான் இருக்கிறது. நம் எல்லைப்புற ஊர்களின் தனிச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. செய்தி ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ மலையாளத்திலோ வருகிறது. நம் பெரியவர்களால் அந்த வாக்கியத்தைப் படிக்க முடிவதில்லை. இலக்கங்களை மட்டும் படிக்க முடிகிறது. தொலைபேசியில் பேசுபவர் கேட்பதும் அந்த இலக்கங்களை மட்டும்தான். ஆகையால் "வாக்கியம் புரியாத செய்தியில் உள்ள எண்ணை யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள், புரிந்தாலும் ஃபோனில் கேட்பவருக்குச் சொல்லாதீர்கள்" என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது யூபிஐ ரகசிய எண். ஃபோன் வழியாகவே வங்கிக் கணக்குகளுக்கு இடையில் பணம் அனுப்பும் முறையான யூபிஐ 2016-ல் வந்தது. இந்த நான்கு அல்லது ஆறு இலக்க எண் நம் கணக்கிலிருந்து பணத்தை வெளியே அனுப்பவும், இருப்பைப் பார்க்கவும் மட்டுமே. பணம் பெறுவதற்கு இது ஒருபோதும் தேவைப்படாது. "உங்களுக்குப் பணம் வர வேண்டும், ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்று யார் சொன்னாலும், "கியூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வரும்" என்று யார் சொன்னாலும் அது பொய். பணம் போய்விட்டால், நேரம் கடத்தாமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். நாடு முழுவதற்கும் அது ஒன்றே. சீக்கிரம் அழைத்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

தேவிகுளம் ஆசிரியை எழுதியது:

ஐயா சொல்வதன் அவசரத்தை உணர்கிறேன். இருந்தாலும், ஐயாவின் விளக்கமே வாசகசாலை அண்ணாவின் கேள்வியில்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஓடிபி எங்கே உருவாகிறது, யாரிடம் வருகிறது, யாரிடம் திரும்பிப் போக வேண்டும் என்று காட்டியதால்தான் அதை ஏன் சொல்லக் கூடாது என்பது விளங்குகிறது. "சொல்லாதே" என்று மட்டும் கற்றவர், அட்சயா மையத்தில் உண்மையாகவே சொல்ல வேண்டிய இடத்திலும் அஞ்சி நிற்கிறார். எனவே இரண்டையும் பிரிக்காமல் நடத்தலாம்.

எங்கள் தோட்டப் பகுதியில் அம்மாக்கள் அதிகம் கேட்கும் ஐயம் வேறு. "வைஃபை இருக்கிறது, ஆனால் நெட் வரவில்லை" என்பார்கள். அவர்களுக்கு வைஃபை, நெட், டேட்டா மூன்றும் ஒன்றே. வைஃபை என்பது நம் ஃபோனுக்கும் வீட்டிலுள்ள ரவுட்டர் பெட்டிக்கும் இடையிலான கம்பியில்லாத் தொடர்பு மட்டுமே. அந்தப் பெட்டியிலிருந்து வெளியே போகும் கேபிள் மலைச்சரிவில் எங்கேனும் அறுந்து கிடந்தால், ஃபோனில் வைஃபை குறி முழுதாகத் தெரியும். இணையம் மட்டும் வராது. 2023 ஜூனில் தொடங்கிவைக்கப்பட்ட கேரள அரசின் கே-ஃபோன் இணைய இணைப்பானாலும், தனியார் இணைப்பானாலும் நிலைமை இதுதான். டேட்டா என்று நாம் சொல்வது வீட்டுப் பெட்டி இல்லாமல், செல்போன் கோபுரத்தின் வழியே சிம் கார்டு தரும் இணையம். இதை ஒரு முறை ரவுட்டர் பெட்டியின் கேபிளைக் கழற்றிக் காட்டினால் போதும். பிறகு யாரும் மறப்பதில்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல் சேர்க்க வேண்டும். இணைப்பு விற்பவர் சொல்லும் 40 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 40 மெகாபிட். வீடியோவின் அளவு காட்டப்படுவது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே அந்த இணைப்பில், எல்லாம் ஒழுங்காக இருந்தால், நொடிக்கு 5 மெகாபைட் இறங்கும்; 100 மெகாபைட் வீடியோவுக்கு 20 நொடியாகும். இந்தக் கணக்குத் தெரியாததால், நல்ல இணைப்பையும் கெட்டது என்று நினைத்துப் கூடுதல் பணம் கட்டி மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிரவுசருக்கும் தேடுபொறிக்கும் உள்ள வேறுபாடு இதைவிட முக்கியம். பிரவுசர் நம் ஃபோனில் இருக்கும் செயலி. எந்த இணையதளத்தின் முகவரியைக் கொடுத்தாலும் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டும். தேடுபொறி வேறெங்கோ இருக்கும் சேவை. நாம் எழுதிய சொற்களுக்குப் பொருந்தும் பக்கங்களைத் தேடி அடுக்கிக் கொடுக்கும். அந்த அடுக்கில் மேலே இருப்பது உண்மையானது என்று பொருளல்ல. பணம் கொடுத்து வைத்த விளம்பரம் மேலே இருக்கலாம். எரிவாயு நிறுவனத்துக்கோ வங்கிக்கோ புகார் எண் தேடுகிறவர்கள் முதலில் தெரியும் எண்ணை அழைத்து மோசடிக்காரரிடம் போய்ச் சிக்குவது இப்படித்தான். எண் வேண்டுமென்றால் பாஸ்புக்கிலோ, ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலோ, சிலிண்டர் ரசீதிலோ பார்ப்பது நல்லது.

மீனாட்சிபுரம் கறவைத்தொழிலாளி எழுதியது:

எல்லாவற்றையும் படித்துக்கொண்டு வருகிறேன். எனக்கு ஓர் ஐயம். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அந்த லிங்கை நம்பலாம் என்று என் மகன் சொல்லியிருந்தான். இப்போது என் ஃபோனில் அந்தப் பூட்டே காணவில்லை. அப்படியானால் எதை வைத்து நம்புவது?

வேலந்தாவளம் வாசகசாலை எழுதியது:

அண்ணா, பூட்டுப் படத்தை கூகுள் குரோம் 2023-லேயே எடுத்துவிட்டு வேறு குறி வைத்துவிட்டது. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டதே அதற்குக் காரணம். பூட்டு சொன்னதெல்லாம், உங்கள் ஃபோனுக்கும் எதிரில் உள்ள கணினிக்கும் இடையில் போகும் செய்தியை வழியில் உள்ளவர் படிக்க முடியாது என்பது மட்டும்தான். முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்று இருப்பதன் பொருளும் அதுவே. கடிதம் ஒட்டிய உறையில் வந்திருக்கிறது என்பதால் அதை எழுதியவர் நல்லவர் என்று ஆகிவிடாது அல்லவா? மோசடித் தளங்களும் இந்தப் பாதுகாப்பை எளிதாகப் பெற்றுவிடுகின்றன.

நம்புவதற்கு வழி, முகவரியைப் படிக்கக் கற்பதே. லிங்க் என்பது தொட்டதும் ஓர் இணையப் பக்கத்துக்குக் கொண்டுபோகும் எழுத்து அல்லது படம். வெளியே தெரியும் எழுத்து ஒன்றாகவும், உள்ளே இருக்கும் முகவரி வேறாகவும் இருக்க முடியும். ஆகவே தொடுவதற்கு முன் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஃபோன்கள் உண்மையான முகவரியைக் காட்டும். அதில் எச்டிடிபிஎஸ் என்பதற்குப் பின்னால் வரும் இரண்டு சாய்கோடுகளைத் தாண்டி, அதற்கடுத்து வரும் முதல் சாய்கோடு வரை மட்டும் பாருங்கள். அந்தத் துண்டின் வலது ஓரத்தில் இருப்பதுதான் உரிமையாளரைக் காட்டும் பெயர். இடது பக்கத்தில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எவரும் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் வங்கியின் பெயர் முதலில் வந்து, அதன் பின் புள்ளி வைத்து ஏதோ ஒரு புதுப்பெயரும் டாட் காம் என்பதும் வந்தால், அது அந்தப் புதுப்பெயருக்காரருடைய தளம். உங்கள் வங்கியினுடையது அல்ல.

நல்லவேளையாக, இதில் நமக்கு உதவும் மாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. இந்திய வங்கிகள் எல்லாம் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அந்த முடிவுப் பெயர் வங்கிகளைத் தவிர மற்றவர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை. அரசுத் தளங்கள் டாட் ஜிஓவி டாட் இன் என்று முடியும். இந்த இரண்டு முடிவுகளின் ஆங்கில எழுத்துகளையும் பெரிதாக எழுதி வாசகசாலைச் சுவரில் ஒட்டப் போகிறேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவரும் ஒரு பலகையில் பார்த்த வடிவத்தோடு ஃபோனில் உள்ள வடிவத்தை ஒப்பிட முடியும்.

குப்பம் கல்லூரி மாணவி எழுதியது:

"எங்கே இருக்கிறது" என்ற கேள்வி மிகவும் தேவைப்படும் இடம் ஜெராக்ஸ் கடை என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஒரே கடையில்தான் சான்றிதழ் அச்செடுக்கிறார்கள். ஆந்திர அரசு 2025 ஜனவரியில் வாட்ஸ்அப் வழியாகவே அரசுச் சேவை தரும் மன மித்ரவைத் தொடங்கிய பிறகு, சான்றிதழ் ஃபோனுக்கே வருகிறது. ஆனால் அச்செடுக்க வேண்டுமே. கடைக்காரர் தம் கணினியில், வாட்ஸ்அப்பைக் கணினியிலும் பார்க்க உதவும் வாட்ஸ்அப் வெப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறார். நம்மவர்கள் ஃபோனை நீட்டி கியூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார்கள். அச்சு வந்ததும் காசு கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஆனால் அவர்களுடைய உரையாடல் முழுவதும் அந்தக் கணினியில் திறந்தபடியே இருக்கிறது. ஃபோனில் "லிங்க்ட் டிவைசஸ்" என்ற இடத்துக்குப் போய் அந்தக் கணினியைத் தொட்டு லாக் அவுட் கொடுக்கும் வரையில் அங்கே வரும் புதுச் செய்திகளையும் படிக்க முடியும். லாக் இன், லாக் அவுட் என்ற இரு சொற்களையும் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

அச்செடுக்க இறக்கிய கோப்பு கடைக்காரரின் கணினியில் டவுன்லோட்ஸ் என்ற இடத்தில் தங்கியிருக்கும். டவுன்லோட் என்றால் வேறிடத்தில் உள்ளதன் நகல் ஒன்றை நாம் உட்கார்ந்திருக்கும் கருவிக்குக் கொண்டுவருவது. அப்லோட் அதற்கு எதிர்த்திசை. ஆதார் நகலாக இருந்தால், அழித்துவிட்டு, அழித்தவை போய்த் தங்கும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழிக்கும்படி கடைக்காரரிடமே கேட்டுப் பழக வேண்டும். மரியாதையாகக் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று. திருமண அழைப்பிதழ் என்றோ, வண்டிக்கு அபராதம் என்றோ சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால், அது அழைப்பிதழும் அல்ல, ரசீதும் அல்ல. அது ஒரு செயலி. நிறுவிவிட்டால் நம் குறுஞ்செய்திகளைப் படித்து, ஐயா சொன்ன ஓடிபியை நாம் சொல்லாமலே எடுத்துக்கொள்ளும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் இது பொருந்தும். அவருடைய ஃபோனும் பிடிபட்டிருக்கலாம்.

நகரி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் எழுதியது:

மாணவி மிகச் சரியாகச் சொன்னார். ஓடிபியைப் பற்றி நான் எழுதியதில் ஒரு செய்தி விடுபட்டிருந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. எல்லைப்புற மக்களுக்கு அது மிக முக்கியம். ஓடிபி நமக்கு வருவதில்லை. நம் ஃபோன் எண்ணுக்கு வருகிறது. அந்த எண் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போகிறது.

நம் பக்கத்துக் குடும்பங்கள் வேலைக்காகத் தமிழ்நாட்டில் சில ஆண்டு, ஆந்திரத்தில் சில ஆண்டு, கேரளத்தில் சில ஆண்டு என்று இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அந்தந்த ஊரில் புது சிம் வாங்கி, பழையதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். பயன்பாட்டில் இல்லாமல் துண்டிக்கப்பட்ட எண், 90 நாள் கழிந்ததும் வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும். வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பழைய எண்ணே பதிந்திருந்தால், ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும். புது எண் பெற்றவர் நல்லவராகவே இருந்தாலும், நம் பெரியவர் ரேஷன் கடையிலும் அட்சயாவிலும் "ஓடிபி வரவில்லை" என்று திரும்ப வேண்டியதாகிறது.

எண்ணை மாற்ற வேண்டிய தேவையே இப்போது இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளும் வசதி 2015 ஜூலை முதல் நாடு முழுவதும் உண்டு. வகுப்புக்கு வருகிறவர்களிடம், "வங்கியிலும் ஆதாரிலும் எந்த எண் பதிந்திருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குப் பதில் தெரிந்திருக்காது. அந்த ஒரு பதிலைக் கண்டுபிடித்துக் கொடுத்தாலே பெரிய உதவி.

தேவிகுளம் ஆசிரியை எழுதியது:

மின்னஞ்சல் பற்றி யாரும் எழுதவில்லை. நம் பெரியவர்களுக்கு அது அன்றாடத் தேவை இல்லை என்பதால் நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் அட் குறியை 1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுத்தார். குறிக்கு இடப்புறம் ஆளின் பெயர். வலப்புறம் அவருடைய அஞ்சல் இருக்கும் கணினியின் பெயர். அப்போதே "எங்கே இருக்கிறது" என்பதை முகவரியிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

விண்ணப்பம் அனுப்புகிறவர்களுக்கு சிசி, பிசிசி என்ற இரண்டும் தெரிந்தால் நல்லது. சிசியில் போட்டவருக்கு நகல் போவதை எல்லோரும் பார்க்க முடியும். பிசிசியில் போட்டவரை மற்றவர்கள் பார்க்க முடியாது. மகளிர் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் ஒரே அறிவிப்பை அனுப்பும்போது பிசிசியில் போட்டால் ஒருவருடைய முகவரி மற்றவர்களிடம் பரவாது.

மீனாட்சிபுரம் கறவைத்தொழிலாளி எழுதியது:

ஐயா சொன்னபடி பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். பொள்ளாச்சியில் இருந்த காலத்து எண்தான் அதில் எழுதியிருக்கிறது. நாளைக் காலை பால் ஊற்றிவிட்டு நேராக வங்கிக்குப் போகிறேன். ஆதார் அட்டையும் கொண்டுபோக வேண்டுமா?

நகரி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் எழுதியது:

கொண்டுபோங்கள் தம்பி. பாஸ்புக், ஆதார் இரண்டும், புது எண் உள்ள ஃபோனும் கையில் இருக்கட்டும். எண் மாற்றும் படிவத்தில் பாஸ்புக்கில் உள்ளபடியே கையெழுத்திடுங்கள். ஆதாரில் எண் மாற்றுவது வங்கி வேலையோடு முடியாது. அதை ஆதார் மையத்தில் தனியாகச் செய்துகொள்ளலாம்.

வேலந்தாவளம் வாசகசாலை எழுதியது:

அண்ணா, நீங்கள் போய் வந்ததும் என்ன கேட்டார்கள், என்ன படிவம் கொடுத்தார்கள் என்று இங்கேயே எழுதுங்கள். முதல் வகுப்பில் வாட்ஸ்அப் டிக்கும் ஓடிபியும் சேர்ந்தே வரும். வருகிறவர்கள் ஃபோனோடு பாஸ்புக்கையும் எடுத்து வரும்படி அறிவிப்பில் சேர்த்துவிட்டேன். தேவிகுளம் டீச்சர், ரவுட்டர் கேபிளைக் கழற்றிக் காட்டும் பாடத்தை நீங்களே வீடியோ அழைப்பில் நடத்தித் தர முடியுமா?